பாட்டு நடுவுல ஒரு நிறுத்தம்

என் வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் பண்றவர். எந்தப் பூட்டையும் திறந்துடுவார், எந்த மனுஷனையும் நம்பமாட்டார். பால்காரர் சிரிச்சா பால்ல தண்ணி. சிரிக்கலைன்னா இன்னும் அதிகத் தண்ணி. கல்யாணமான புதுசுல எனக்குப் புரையேறினப்போ, தலையைத் தட்டாம "யாரு நினைக்கிறாங்க?"ன்னு விசாரிச்ச மகராசன்.

அந்த மனுஷன் நிம்மதியா உட்கார்ற இடம் ஒண்ணே ஒண்ணுதான், எங்க பொண்ணு பக்கம். சின்ன வயசுலேருந்து அவ கீபோர்டு வாசிப்பா. கடையைச் சாத்திட்டு வந்ததும் இவர் டோலக்கை மடியில வச்சுக்குவார், கையில கிரீஸ் வாடைகூடப் போயிருக்காது. அவளே போட்ட ஒரு மெட்டைத்தான் ரெண்டு பேரும் விடாம வாசிப்பாங்க. பக்கத்து வீட்டுக்காரி காது வலிக்குதும்பா. வலிக்கட்டுமே, எனக்கென்ன?

இப்போ பொண்ணு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பாக்குறா. சாயங்காலம் ஒரு மெல்லிசைக் குழுவுல வாசிக்கிறா. அவ மெட்டையே மேடையேத்தப் போறாங்கன்னதும் தலைகால் புரியாம ஆடினா. வந்தது வினை.

ஒத்திகை நடக்குற மாடிக்கு இவர் கருவிப் பையைத் தூக்கிட்டு, பூட்டு பாக்க வந்த ஆளாட்டம் போய், படிக்கட்டுல நின்னு பாத்துட்டு வந்தார். செருப்பைக்கூடக் கழட்டலை.

"பாட்டு நடுவுல உன் பொண்ணு சட்டுனு நிறுத்திடுறா. நிறுத்திட்டு டிரம்ஸ் அடிக்கிறவனை நிமிர்ந்து பாக்குறா. ஏதோ இருக்கு."

தப்புன்னா மட்டும் அவ என் பொண்ணு.

"உங்க தலையில இருக்கு"ன்னேன்.

"அடியே, குழுத் தலைவர் கத்துறார். இன்னொரு தடவை நிறுத்தினா வேற ஆளைப் போட்டுக்குவேன்னுட்டார். அப்பவும் அதே இடத்துல நிறுத்துறா. மேடையே போனாலும் பரவாயில்லைங்கிற அளவுக்கு அவன் யாரு?"

இந்தப் பாழாப்போன சந்தேகம் தொத்து வியாதி. அவ வந்து முகம் கழுவப் போனதும் கைப்பையைத் துழாவினேன். சீப்பும் கண்ணாடி துடைக்கிற துணியும்தான் இருந்துச்சு. வெக்கமா போச்சு.

இவர் நேராவே கேட்டுட்டார். "யாரும்மா அந்த டிரம்ஸ்காரன்?"

"ஐயோ அப்பா! அவருக்கு மூணு பிள்ளைங்க!" சிரிச்சா. சிரிச்சுட்டே இருந்தவ பொலபொலன்னு அழுதுட்டா.

"அந்த இடத்தை என்னால தாண்ட முடியலைப்பா. வீட்டுல வாசிக்கிறப்போ அங்க வந்ததும் நீங்க எப்பவும் நிப்பீங்க. தாளம் சரியா போகுதான்னு உங்களுக்கே உங்க மேல சந்தேகம். ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டுத்தான் மேல வாசிப்பீங்க. அதுவரைக்கும் நான் உங்களைப் பாத்துட்டு இருப்பேன். அதுவும் பாட்டுலேயே இருக்குன்னு என் கை நினைச்சுக்கிச்சு. ஒத்திகையிலேயும் தானா நின்னுடுது. நிமிர்ந்து பாத்தா வேற யாரோ உட்கார்ந்திருக்காங்க. என்னைத் தூக்கிடுவாங்கப்பா."

இதையும் நம்பமாட்டார்னுதான் நினைச்சேன். மனுஷன் டோலக்கை எடுத்தார்.

வாசிச்சாங்க. அந்த இடம் வந்துச்சு, இவர் கை நின்னுச்சு, அவளும் நின்னா.

"நிக்காதே!"ன்னு அதட்டினார். மறுபடி ஆரம்பிச்சாங்க, மறுபடி நின்னா. எனக்கு அடுப்புல இருந்த குழம்பு மறந்துபோச்சு.

இவர் குரல் இறங்கிடுச்சு. "பாப்பா, நான் நின்னா நின்னுட்டுப் போறேன். நீ போயிட்டே இரு. என்னைப் பாக்காதே. பின்னாடியே வந்து சேர்ந்துக்குவேன். என்னை நம்பு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அந்த வார்த்தையை அவர் வாயால நான் கேட்டதே இல்லை.

மூணாவது தடவை இவர் கை நின்னுச்சு. அவ நிக்கலை. உதட்டைக் கடிச்சுக்கிட்டு, கட்டைகளைப் பாத்தபடியே போயிட்டா. இவர் தடுமாறி, அடி தப்பி, விட்டுப் பிடிச்சு ஒருவழியா அவளோட சேர்ந்தார். அவ நிமிரவே இல்லை. இவர்தான் பாட்டு முடியுற வரைக்கும் அவ முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தார்.