வாட்ச் சொன்னால் கேட்பார்

தெருமுனை டீக்கடைக்குக்கூட பைக்கை எடுக்கிற மனுஷன் என் வீட்டுக்காரர். வில்லாபுரத்தில் எங்கள் தெரு எம்புட்டு நீளம்? வாசலில் நின்று கூப்பிட்டால் டீ மாஸ்டருக்குக் கேட்கும். நடங்க, நடங்க என்று கல்யாணமான நாளிலிருந்து தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியிருக்கிறேன். "ஆரம்பிச்சிட்டாய்யா" என்பார், டிவி சத்தத்தைக் கூட்டுவார். இருதயத்தில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன பிறகும் ராத்திரி புரோட்டா நிற்கவில்லை.

போன வருஷம் பெங்களூரிலிருந்து வந்த மகன் தனி சிம் போட்ட ஒரு ஸ்மார்ட் வாட்ச்சை அப்பா கையில் கட்டினான். நடையை எண்ணும், நாடித்துடிப்பைப் பார்க்கும், எல்லாம் அவன் போனுக்கும் போகும். வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் மணிக்கட்டில் விர்ரென்று அதிரும். என்ன மாயமோ, அந்த அதிர்வுக்கு எழுந்து நின்றார்! காலையில் நடந்தார். சோற்றைக் குறைத்தார். புரோட்டாவை விட்டார். தொப்பை இறங்கி, மூச்சு வாங்காமல் மாடியேறினார். எனக்குச் சந்தோஷம்தான், இல்லையென்றால் பொய். ஆனாலும் வயிறு எரிந்தது. அது சொன்னதைத்தானே நானும் சொன்னேன்? ஒருநாளாவது எனக்கு "சரி" என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லையே.

சோழவந்தான் பக்கம் அவருடைய பெரியப்பா தவறிப்போனார். "இதக் கட்டிக்கிட்டுக் கேத வீட்டுக்குப் போகக் கூடாது, தீட்டு" என்று வாட்ச்சைக் கழற்றினார். போன் மட்டும் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது. அதற்குத் தீட்டில்லை போலிருக்கிறது. "இன்னைக்கு நடைக்கணக்கு கொறஞ்சிரும். நீ போட்டுக்க, வீட்டுல சும்மாதான இருக்க?" என்று என்னிடம் நீட்டினார். சும்மாவாம்!

கட்டிக்கொண்டேன். அன்றைக்கென்று மோட்டார் ரிப்பேர். கீழேயிருந்து குடம் குடமாக மாடிக்குத் தண்ணீர் தூக்கினேன். துணி துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டேன். இறங்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது, கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. சில மாதங்களாகவே இப்படித்தான். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது மகனிடமிருந்து போன்.

"அம்மா! அப்பா எங்க? துடிப்பு கன்னாபின்னான்னு ஏறுதும்மா. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, நான் இந்தா கெளம்பி வாரேன்."

என் பிள்ளை அப்படிப் பதறி நான் கேட்டதே இல்லை.

"அப்பா கேதத்துக்குப் போயிருக்காருடா. வாட்ச் என் கையில இருக்கு" என்றேன்.

நீளமாக மூச்சு விட்டான். "அடச்சே, அம்புட்டுத்தானா! உசுரே போயிருச்சும்மா எனக்கு. மொதல்ல அதக் கழட்டி வையி, அப்பாவோட ரீடிங் எல்லாம் கெட்டுப்போயிரும்."

சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டான். எனக்கு நெஞ்சு அப்படியேதான் அடித்துக்கொண்டிருந்தது. கழற்றச் சொன்னானே, கழற்றினேன்.