கத்தரிக்கோல் அக்கா

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போதே, வழியில் தென்படும் பலகைகளை வாய்க்குள் இரண்டிரண்டாக நறுக்கிக்கொண்டு போவார். "நெஃப்ரோ... லஜி. கார்டியோ... லஜி." படுத்திருக்கும் நோயாளி, தனக்காக ஏதோ ஜபிக்கிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குக் கத்தரிக்கோல் அக்கா என்றே பெயர்.

பள்ளிக்கூடத்தில் அவர் காலை வாரிவிட்டது இங்கிலீஷ்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், நோயாளிகளைத் தப்பான வாசலில் இறக்கிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. ஒருநாள், பாதிப் பலகைகளுக்கு வால் ஒன்றாகவே இருப்பது கண்ணில் பட்டது. ரெக்கார்டு அறை குமாஸ்தாவிடம் கேட்டார். அந்த வால் கிரேக்கமாம். வேறு சிலது லத்தீனாம்.

"அப்போ இங்கிலீஷ்காரனும் இரவல் வாங்கித்தான் பேசறானா!"

வாய்விட்டுச் சிரித்தார். பயம் அன்றோடு விட்டது.

அப்புறம் யாரையும் விட்டுவைக்கவில்லை. "சூப்பர்னா மேலே, வைசர்னா பார்க்கறவர். நம்ம சூப்பர்வைசர் மேலேர்ந்து பார்க்கறதோட சரி, இறங்கி வந்து ஒரு கை பிடிக்கமாட்டார். பொருத்தமாத்தான் பேர் வச்சிருக்காங்க."

கத்தரி தவறியதும் உண்டு. பெடல் என்றால் கால் சமாசாரம் என்ற தெம்பில், பாதம் வீங்கிய ஒருவரைப் பீடியாட்ரிக்ஸில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார். பாவம் அந்த மனிதர், அரைமணி நேரம் யார் யார் குழந்தைக்கோ கிலுகிலுப்பை ஆட்டிக்கொண்டிருந்தார். "லத்தீன்ல அந்த 'பெட்' கால், கிரேக்கத்துல குழந்தையாம். ரெண்டு பேரும் கலந்து பேசிக்கக் கூடாதா?" என்று அக்கா இன்றும் சண்டைக்கு நிற்பார்.

போன மாதம் தங்கையின் மார்பில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதித்த ரிப்போர்ட் வந்தது. "நீயே படிச்சுச் சொல்லுக்கா" என்று நீட்டினாள் அவள்.

ஃபைப்ரோஅடினோமா.

அக்காவின் கண் நேராக வாலுக்குத்தான் போயிற்று. ஓமா என்றால் கட்டி. அந்த வாலோடு எத்தனை பேரைப் புற்றுநோய் வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்! ஃபைப்ரோ, நார். நடுவில் இருந்த துண்டு மட்டும் பிடிபடவில்லை. இத்தனை வருஷமும் இதை எப்படிக் கோட்டைவிட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

"டாக்டரே சொல்லட்டும்டி" என்று தங்கையைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"அடினோன்னா என்னங்க டாக்டர்?"

டாக்டர் ஆச்சரியமாக நிமிர்ந்தார். "சுரப்பி."

"கார்சினோ எங்கேயும் ஒளிஞ்சிருக்கலையே?"

"இல்லம்மா. இது புற்று இல்லை, சாதாரணக் கட்டி. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை காட்டுங்க, போதும்."

தங்கைக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. "அப்போ ஒண்ணுமில்லையாக்கா?" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

அக்கா ரிப்போர்ட்டை நாலாக மடித்து, தங்கையின் முகத்துக்கு விசிற ஆரம்பித்தார்.