முப்பத்தேழாவது படம்

நேற்று பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில், என் ஃபிலிம் கேமராவில் முப்பத்தாறு படங்களும் முடிந்த பிறகு, ஃபிலிமை நகர்த்தும் லீவரைச் சும்மா தள்ளிப் பார்த்தேன். ‘கர்ரக்’ என்று இன்னொரு முறை நகர்ந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு ஆறு வயதாகிவிட்டது.

எங்கள் வீட்டு விசேஷங்களில் அப்பாதான் படம் எடுப்பார். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் அத்தை ஷிஃப்ட் முடிந்து, தலையில் பஞ்சுத்தூசியோடு கடைசியாகத்தான் வந்து சேருவார். அதற்குள் ரோல் தீர்ந்திருக்கும். அப்பா லீவரைத் தள்ளுவார். கர்ரக்!

“இன்னொண்ணு இருக்குதுக்கா, ஓடியா, வந்து நில்லு!”

அத்தை தூசியைத் தட்டிவிட்டு நிமிர்ந்து நிற்பார். ஆனால் ஸ்டுடியோவில் கழுவும்போது ரோலின் கடைசி நுனி வெட்டுப்பட்டுவிடும். என் காதுகுத்து ஆல்பத்தில் அத்தைக்கு ஒரு கண், ஒற்றை மூக்குத்தி, அரைச் சிரிப்பு.

“ஏஞ்சாமி, உங்கப்பன் எனக்கு அரை மூஞ்சிதான் குடுப்பானா?” என்று சிரித்தபடியே மற்ற ஆல்பங்களையும் புரட்டுவார், எதிலாவது முழுசாக இருக்கிறோமா என்று. எதிலும் இருக்க மாட்டார்.

ஏரிக்கரையிலிருந்தே அத்தைக்குப் போன் போட்டேன்.

“புது ரோல்ல மொத படம் உங்களுக்குத்தான் அத்தை.”

“போன்லயே நூறு எடுத்தியே சாமி?”

“அதை ஆல்பத்துல ஒட்ட முடியாதுங்களே!”

“அதுஞ்செரி. ஆனா மொத நுனியையும் வெட்டிப்போடுவாங்களே?”

அட, ஆமாம்!

ஞாயிற்றுக்கிழமை தறிப்பட்டறை வாசலில், ஷிஃப்ட் முடியும்வரை புது ரோலோடு காத்திருப்பேன். முதல் இரண்டு படம் வானத்துக்கு. மூன்றாவது அத்தைக்கு.