செத்தவீட்டுப் பாட்டு

நான் மாவுக்கு மாறினவள் என்று எங்கள் சொந்தக்காரர் சொல்வார்கள். போர் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த புதிதில் எங்கள் தறப்பாள் கொட்டில்களுக்கு ஜெபக்காரர் வந்தார்கள். கோதுமை மாவும் பால்மாவும் தந்தார்கள். வாங்கியவர்களில் சிலர் அவர்களுடைய வேதத்துக்குப் போனார்கள். அந்தக் கணக்கில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு ஒரு பிடி மாவும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் ரொட்டி சுட்டுத் தின்றிருப்பேன், மாறியிருக்க மாட்டேன். நான் மாறியது ஒரு பாட்டுக்காக. அதுவும் செத்தவீட்டுப் பாட்டு. இதை அவர்களிடம் சொல்வதில்லை. சொன்னால் பைத்தியக்காரி என்பார்கள். மாவுக் கதையே எனக்கு மரியாதை.

எங்கள் வீடு அக்கராயனில். யாழ்ப்பாணத்திலிருந்து காணிக்காக வந்து வயல் செய்த சைவக் குடும்பம். அப்பா காய்ச்சலில் செத்தபோது எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும். அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. அழுதுகொண்டே சொல் கட்டுவார், அந்தச் சொல்லே அடுத்த அழுகையைக் கொண்டுவரும். அம்மாவின் ஒப்பாரிக்கு ஊரில் பெயர் இருந்தது. வேறு வீடுகளில் சாவு விழுந்தாலும் அவரைத்தான் தேடி வருவார்கள். கடைசியில் அப்பாவைச் சுற்றிவந்து எல்லோரும் வாய்க்கரிசி போட்டோம். என் தம்பியை அம்மா இடுப்பில் தூக்கி வைத்து, அவன் பிஞ்சுக் கையைப் பிடித்து அப்பாவின் வாயில் அரிசி போடப் பண்ணினார். அவன் அதை விளையாட்டென்று நினைத்து இன்னொரு பிடி கேட்டான்.

அந்தத் தம்பி போரின் கடைசி நாளில் இல்லாமல் போனான். செத்தான் என்று எழுத எனக்குக் கை வருகிறது, அம்மாவுக்கு வரவில்லை. பாலம் கடந்து வந்தபோது ஆமிக்காரர் இளம் ஆட்களைத் தனியாக வரச் சொன்னார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அம்மாவே அவன் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்தார். பஸ் யன்னலால் அவன் தலை தெரிந்தது. தண்ணீர்ப் போத்தல் கேட்டான், எங்களிடம் இருக்கவில்லை. அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் வந்தது. தம்பியின் படத்துக்கு மாலை போடக்கூடாது. விளக்கு வைக்கக்கூடாது. திவசம் என்ற சொல்லை எடுக்கக்கூடாது. இருட்டுவதற்குள் அவனுடைய சேட்டுகளைத் தோய்த்து மடித்து அலுமாரிக்குள் வைக்க வேண்டும். மரணச் சான்றிதழ் எடுத்தால் ஏதோ உதவி கிடைக்கும் என்று சொன்ன மாமாவை அம்மா அதன்பிறகு வீட்டுக்குள் விடவில்லை. ஊரில் யார் செத்தாலும் போவார், ஓர் ஓரமாக இருப்பார், வாய் திறக்கமாட்டார். ஒப்பாரிக்குப் பெயர்போன மனுசி உப்புக்கல் மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு வருவார். அவர் அழவில்லை என்பதால் நானும் அழவில்லை. அழுதால் தம்பியைச் சாகடித்தவள் நானாகிவிடுவேன்.

அப்போது நான் கிளிநொச்சியில் ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போய்வந்தேன். ஒரு பின்னேரம் திரும்பி வரும்போது பஸ்ஸுக்குக் காற்றுப் போனது. நின்ற இடம் ஒரு சின்ன வேதக் கோயிலின் முன்னால். வெயில் தாங்காமல் அதன் விறாந்தையில் போய் நின்றேன். உள்ளே நாலைந்து பெண்கள் பாடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். தவக்காலம் என்பதும், பசாம் என்பதும், இயேசுவின் பாடுகளை இழுத்து இழுத்துப் பாடுவார்கள் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. காதில் விழுந்தது ஒப்பாரி. எங்கள் செத்தவீட்டு இராகமேதான். மகனின் உடம்பை மடியில் வாங்கிய தாய் ஒருத்தி, இந்தக் கை எனக்குச் சோறு ஊட்டுமென்று இருந்தேனே என்று கேட்கிறாள். ஒருத்திக்குச் சுதி சேரவே இல்லை. இன்னொருத்தி இடையில் நிறுத்திக் கொட்டாவி விட்டாள். நான் தூணைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினேன். பஸ் போய்விட்டது. பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். நிறுத்தாதையுங்கோ என்று மட்டும் சொன்னேன்.

என் வேதம் அங்கே தொடங்கியது. பிறகு படித்தேன், கேட்டேன், ஞானஸ்நானம் எடுத்தேன். ஆனால் போதனை கேட்டு மனம் மாறியவளில்லை நான். பிரசங்கங்களில் பாதி நேரம் நித்திரை வரும். அந்தக் கறுப்பு மட்டை வேதப் புத்தகத்தில் கடவுளோடு முகத்துக்கு நேரே சண்டை பிடிக்கிற பாட்டுகள் இருந்தன. அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஏன் மறைந்துகொண்டாய், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கிறவனையும் பக்தன் என்று சேர்த்து வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் கடவுளிடம் கேள்வி கேட்டால் வாயில் அடி விழும்.

இன்னொன்றும் இருந்தது. அந்தக் கோயிலில் இயேசுவின் மரச் சுரூபம் ஒன்று. பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்குவதற்காகத் தோளில் தோல் வைத்து, கை மடங்குகிற மாதிரிச் செய்தது. இடம்பெயர்ந்தபோது பாயில் சுற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக் கொண்டுதிரிந்தார்களாம். முழங்காலில் ஷெல் துண்டு கொத்திய அடையாளம். கலண்டர்களில் சாமிகளுக்கு ரோசா நிறக் கன்னம் இருக்கும், நித்திரை கொள்வதுபோல் செத்திருப்பார்கள். இந்த முகம் அப்படியில்லை. வாய் சற்றுத் திறந்து, கீழுதடு ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. அப்படிச் செத்த முகங்களை நான் அந்தக் கடைசி மாதங்களில் போதுமான அளவு பார்த்திருக்கிறேன். இதைச் செதுக்கியவனும் பார்த்திருக்க வேண்டும். அழகு என்றால் என்னவென்று அந்த இழுபட்ட உதட்டில்தான் தெரிந்துகொண்டேன். பொய் சொல்லாமல் இருப்பது. கோயில் சபைக்காரருக்கு அந்த உதடு பிடிக்காது. மக்குப் பசை வைத்துப் பூசிப் புதுப் பெயின்ற் அடிக்க வேண்டும் என்று வருடாவருடம் கூட்டம் வைப்பார்கள்.

நான் மாறியதை அம்மாவிடம் சொன்னபோது அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை நிறுத்தவில்லை.

"எந்தச் சாமியெண்டாலும் கும்பிடு. செத்தவீட்டுப் பாட்டை மட்டும் இஞ்சை கொண்டு வராதை."

கொண்டுவரவில்லை. வாய்க்கால் கட்டில் நடந்து பாடிப் பழகினேன். சில வருடங்களில் பசாம் பாட என்னைத்தான் முன்னுக்கு விட்டார்கள். வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்பிய கீபோர்ட் ஒன்று வந்து, ஒப்பாரிக்கும் டிஸ்கோத் தாளம் போட்டுப் பார்த்தார்கள். அதை நான் சண்டை பிடித்து நிறுத்தினேன். பெரிய வெள்ளியில் நான் பாட, சனம் அழும். ஒவ்வொரு வருடமும் ஒரேயொரு ஆளை மட்டும் அந்தச் சனத்துக்குள் தேடுவேன். அம்மா வந்து ஒருமுறை கேட்டால் போதும், உடைந்துவிடுவார், அழுது முடித்துவிட்டு ஒருநாளாவது நித்திரை கொள்வார் என்று நம்பினேன். எனக்குக் கிடைத்த மருந்து அவருக்கும் பலிக்கும் என்ற நம்பிக்கை. என் விசுவாசத்தில் பாதி அதுதான்.

அம்மா வேறு இடத்தில் இருந்தார். கிளிநொச்சியில் வீதியோரமாக, காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் இருக்கிற கொட்டகையில். வருடக்கணக்காக அங்கேதான். அவருக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு வேதக்கார அம்மா இருப்பா. இருவரும் வெற்றிலைப் பையைப் பொதுவில் வைத்திருந்தார்கள். இந்த வருடம் தை மாதம் அந்த அம்மா செத்துப்போனா. மகனின் படத்தைக் கையில் கொடுத்துத்தான் பெட்டியை மூடினார்கள். மாசி கழிந்து ஒருநாள் அம்மா தானாகவே சொன்னார்.

"பெரிய வெள்ளிக்கு உன்ரை கோயிலுக்கு வாறன். அவா ஒவ்வொரு வருசமும் போய்ச் சுரூபத்தின்ரை காலைக் கொஞ்சி முத்திறவா. இந்தமுறை அவாக்குப் பதிலா நான்."

நான் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடும் என்ற பயம். மனதுக்குள் துள்ளிக் குதித்தேன் என்பதுதான் உண்மை.

அன்று மூன்று மணிக்கே கோயில் நிரம்பிவிட்டது. அம்மா நெற்றி நிறையத் திருநீறு பூசி, பெண்கள் பக்கத்தில் கடைசி வாங்கில் இருந்தார். சுரூபத்தை ஆணி கழற்றி இறக்கினார்கள். தோளில் தோல் மடங்கிக் கைகள் தொங்கின. தாயின் சுரூபத்தின் காலடியில் கொஞ்ச நேரம் கிடத்திவிட்டு, ஆசந்தி என்கிற பூப்பாடையில் படுக்க வைத்தார்கள். நான் பாடினேன். அப்படி ஒருநாளும் பாடியதில்லை. அம்மாவின் ஒப்பாரியில் கேட்ட இழுப்பையெல்லாம் அன்று போட்டேன். முன்வாங்கில் இருந்தவர்கள் முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். ஒருத்தி மார்பில் அடித்தாள். அம்மா மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் உருக்கினேன். அவர் கண் கலங்கவேயில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. பாட்டின் நடுவில், கடவுளின் பாடையின் முன்னால், பெற்ற தாயில் எனக்கு ஆத்திரம்.

பிறகு கால் முத்துவதற்கு வரிசை வந்தது. நான் பாடிக்கொண்டே பார்த்தேன். அம்மாவின் முறை வந்தபோது அவர் காலடியில் குனியவில்லை. பாடையைச் சுற்றிவந்து தலைமாட்டுக்குப் போனார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். அரிசி. வீட்டிலிருந்தே முடிந்துகொண்டு வந்திருக்கிறார். விரல்களைக் குவித்து அந்த இழுபட்ட மர உதட்டில் மூன்று தரம் வாய்க்கரிசி போட்டார். அரிசி மணிகள் தாடியில் வழுகிக் கழுத்துப் பூக்களுக்குள் விழுந்தன.

எனக்குப் பாட்டு நின்றுபோனது. அம்மா ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். இத்தனை வருடம் போட மறுத்த அரிசியைக் கடைசியில் போட்டுவிட்டார் என்று.

அதற்குள் சபைத் தலைவர் வந்துவிட்டார். இது சைவக்காரரின் சடங்கு, இங்கே செய்யக்கூடாது, வெளிநாட்டில் எல்லோரும் கமராவில் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அடிக்குரலில் சொன்னார். பீடத்தில் தூசி தட்டுகிற தூரிகையை எடுத்து, கரப்பான் பூச்சியைத் தட்டுகிற மாதிரி அரிசியைத் தட்டினார். யாரோ சிரித்தார்கள். பாதர் கமராவைப் பார்த்தார், பிறகு தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் மைக்கை வைத்துவிட்டுப் போய் மாபிள் தரையில் சிதறிய அரிசியைப் பொறுக்கினேன். என் கடவுள் செத்துக் கிடந்தார், அவருடைய வாய்க்கரிசியை அவருடைய ஆட்களே கூட்டித் தள்ளினார்கள். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் மன்றாடவும் இல்லை.

ஓட்டோவில் வரும்போது சபைத் தலைவரைத் திட்டித் தீர்த்தேன். அவையின்ரை கோயில்தானே, அவை சொல்லத்தானே செய்வினம் என்று மட்டும் அம்மா சொன்னார். நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அவர் வழமைபோல் தம்பியின் சேட்டைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தார்.

உயிர்ப்பு ஞாயிறு வந்தது. கீபோர்ட், தாளம், பட்டுச் சேலை எல்லாம் வந்தன. கல்லறைக்குப் போன பெண்கள் உடம்பைக் காணவில்லை என்று சொன்ன நாள். உடம்பைக் காணவில்லை என்பதற்குக் கைதட்டிப் பாடுகிற சனம் நாங்கள் மட்டும்தான். நானும் பாடினேன். பல்லவி வாய்க்குள் மணல்போல் இருந்தது. பூசை முடிந்ததும் ஒருவரோடும் கதைக்காமல் பட்டுச் சேலையோடேயே பஸ் பிடித்துக் கொட்டகைக்குப் போனேன்.

அம்மா படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது, அதில் நான் இருந்தேன். வீதியில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. இனியும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அம்மா, அண்டைக்கு அரிசி போட்டனீங்கள்... தம்பிக்கெண்டு நினைச்சோ?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். விசரியைப் பார்ப்பதுபோல்.

"தம்பிக்கு ஏன் போடுறன்? அது உங்கடை பாட்டிலை வாற அந்தத் தாயின்ரை பிள்ளைக்கு. அவ்வளவு சனம் பாட்டுக் கேட்டு அழுதுதே, ஒருத்தருக்கும் அந்தப் பிள்ளைக்கு வாய்க்கரிசி போடவேணுமெண்டு தெரியேல்லை."

அவர் வீதியைப் பார்த்துக்கொண்டே பிறகும் சொன்னார்.

"நல்லாத்தான் பாடுறாய். அந்தத் தாய்க்கு உடம்பையெண்டாலும் குடுத்தவங்கள், பிள்ளை. எனக்கும் குடுக்கட்டும். அண்டைக்கு நீ பாடு, நான் அழுறன்."

பிறகு தம்பியின் படத்தில் படிந்திருந்த புழுதியை முந்தானையால் துடைத்து, வீதியில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரித் திருப்பி வைத்துக்கொண்டார்.