ஹலோ பாறையில் நடந்த இன்டர்வியூ

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஐப்பசி மாதம். தீபாவளிக்காகக் கண்ணமங்கலத்தில் அப்பா வீட்டுக்கு வந்திருந்த நான், பண்டிகை முடிந்த மறுநாளே லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு ஜவ்வாது மலைக்குக் கிளம்பினேன். "பொழுது விடிஞ்சா எடுத்துக்கினு ஓடறியே, இன்னா வேலைம்மா அது?" என்று அப்பா கேட்டார். எனக்கே சில நாள் புரியாத வேலைதான், அவருக்கு எப்படிச் சொல்வது?

நான் வக்கீல். வேலூர் கோர்ட்டில் ஒன்பது வருடம் கறுப்புக் கோட்டு போட்டவள். அதற்கு முன், படித்து முடித்த புதிதில், சென்னையில் ஒரு பெரிய வக்கீல் அலுவலகத்துக்கு இன்டர்வியூ போயிருந்தேன். சட்டத்தைப் பற்றி நாலு கேள்வி, டாண் டாண் என்று பதில் சொன்னேன். ஐந்தாவது கேள்வி, "அப்பா என்ன செய்கிறார்?" ஆரணி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார் என்றேன். எதிரே இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கெட்ட சிரிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் அப்பாவுக்கு 'பிசினஸ்' என்று சொல்லப் பழகிவிட்டேன்.

பிறகு ஒருநாள், என்னிடம் ஜூனியராக இருந்த கெட்டிக்காரப் பெண்கள் எங்கே போனாலும் "தெரிந்தவர் யாராவது உண்டா?" என்ற கேள்வியில் முட்டிக்கொண்டு திரும்புவதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தால் ஏதாவது செய்துவிடுவேன். வழக்குகளைக் கட்சிக்காரர்களிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வக்கீல்களுக்கு வேலை தேடிக் கொடுக்கும் வேலையில் இறங்கினேன். பரம்பரையில் யாரும் கோர்ட் படி ஏறாத வீட்டுப் பிள்ளைகள், கிராமத்துப் பிள்ளைகள், பெண்கள், இவர்களைப் பெரிய அலுவலகங்களுக்குள் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் என் பிழைப்பு.

அந்த ஐப்பசியில், சென்னையிலுள்ள ஒரு பெரிய அலுவலகம் எல்லாத் தரப்பிலிருந்தும் ஆள் வேண்டும் என்று என்னிடம் கேட்டிருந்தது. நான் அனுப்பியவர்களில் கடைசிச் சுற்று வரை வந்தவள் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர்ப் பெண். அந்த ஊரிலிருந்து வக்கீலான முதல் ஆள். சாமை அறுப்புக்கு வீட்டுக்குப் போயிருந்தாள். திடீரென்று கடைசி இன்டர்வியூவை முன்னால் நகர்த்தி, "நாளை மதியம் இரண்டு மணி, வீடியோவில்" என்றார்கள். மழையில் பாதை அரித்து அந்தப் பக்கம் பஸ் நின்றுவிட்டது. அறுப்பை விட்டுவிட்டு அவளால் அவ்வளவு தூரம் இறங்கி வர முடியாது, அவளிடம் லேப்டாப் இல்லை, வீட்டில் சிக்னலும் கிடையாது. இதைத் தவறவிட்டால் அந்த அலுவலகத்தில் அடுத்த வாய்ப்பு எப்போது என்று யாருக்கும் தெரியாது. சரி, நாமே ஏறிவிடுவோம் என்று முடிவு செய்து, அன்று சாயங்காலம் சிக்னல் உள்ள இடத்துக்கு வந்து அவள் போன் செய்தபோது சொல்லிவிட்டேன். உண்மையைச் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து அவளைச் சரியாகப் பேச வைக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

இரண்டு பஸ் மாறி, ஒரு ஷேர் ஜீப்பில் ஏறினேன். மலை ஏற ஏற மேகம் கீழே இறங்கி வந்து ஜீப்புக்குள் உட்கார்ந்துகொண்டது. எதிரே இருந்தவரின் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. மரங்கள் ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. கண்ணை மூடியிருக்கிறேனா திறந்திருக்கிறேனா என்றே தெரியாத ஒரு சுகம். பாதை அரித்திருந்த இடத்தில் ஜீப் நின்றபோது, வெள்ளைப் பனிக்குள்ளிருந்து ஒரு மொபெட் மெதுவாக வெளியே வந்தது. அவள்தான்.

பின்னால் உட்கார்ந்து போகும்போது பேச்சுவாக்கில் கேட்டாள்: "உங்க அப்பா இன்னா பண்றாருங்க மேடம்?"

"பிசினஸ்."

"இன்னா பிசினஸ்ங்க?"

"டயர்" என்றேன். பொய் இல்லையே!

அவள் வீட்டில் அவளுடைய அம்மா சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டார். "வூட்ல ஒண்ணும் இல்லைங்க, இருக்கறத சாப்புடுங்க" என்று சொல்லிக்கொண்டே மூன்று முறை வைத்தார். அவளுடைய அப்பா ஒரு காலை நீட்டியபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். புளி உலுக்க மரம் ஏறியவர் விழுந்துவிட்டார். அந்தக் கால் மடங்காது. அவர் படுக்கையில் கிடந்த ஒரு வருடம், திருப்பத்தூர் கோர்ட்டில் ஜூனியராக இருந்த இவள் ஊருக்குத் திரும்பி வந்து, விதைத்து, களை எடுத்து, அறுத்து, அடித்திருக்கிறாள். அவளுடைய பயோடேட்டாவில் அந்த ஒரு வருடம் வெறும் இடைவெளியாக இருந்தது.

"அந்த வருஷத்தப் பத்தி கண்டிப்பா கேப்பாங்க. நீதிபதி தேர்வுக்குப் படிச்சேன்னு சொல்லிடு" என்றேன்.

"படிக்கலைங்களே மேடம்."

"யாரு வந்து பாக்கப் போறாங்க? நிலத்துல வேல செஞ்சேன்னா திரும்ப ஊருக்கே ஓடிடுவான்னு நெனப்பாங்க. ஊரைக் கேட்டா வேலூர் பக்கம்னு சொல்லு. 'இன்னா'ன்னு மட்டும் தப்பித் தவறி வாயில வரக்கூடாது."

அவள் தலையை ஆட்டினாள். அவளுடைய அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கென்னவோ அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் ஏழு கிலோமீட்டர் மேலே இருக்கும் ஒரு பெரிய பாறை. ஊரே அதை 'ஹலோ பாறை' என்றுதான் சொல்கிறது. ஒரு மணிக்கு மொபெட்டில் கிளம்பினோம். பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் தடதடவென்று ஆட ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் காற்று சுத்தமாக இல்லை. மணி ஒன்று இருபது. நடந்தால் போய்ச் சேர முடியாது. வழியில் ஆள் அரவமே இல்லை.

"பெட்டியில பம்பு, ஒட்டு எல்லாம் கீது மேடம். அப்பாதான் ஒட்டுவாரு. எனக்குத் தெரியாது" என்றவள் குரல் உடைந்துவிட்டது. கண்ணில் தண்ணீர்.

மறுபடி மணியைப் பார்த்தேன். பிறகு துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். இரும்புப் பட்டையால் டயரை நெம்பி, டியூபை வெளியே உருவினேன். காற்றடித்துப் பக்கத்தில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரில் முக்கினோம். பனி மூடிய தண்ணீரில் சின்னச் சின்ன முத்தாகக் குமிழிகள் மேலே வந்தன. எத்தனை வருடம் ஆயிற்று அதைப் பார்த்து! பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவின் தண்ணீர்த் தொட்டி முன்னால் குத்துக்காலிட்டு, "இங்கப்பா, இங்கப்பா" என்று கத்திய சிறுமி எனக்குள் எழுந்து உட்கார்ந்துகொண்டாள். ஓட்டை இருந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதி, ரப்பர் ஒட்டை வைத்து அழுத்தினேன். டயருக்குள் விரல் விட்டுச் சுற்றித் தடவினேன். ஒரு முள் ஒடிந்து உள்ளேயே இருந்தது. எடுத்து வீசினேன்.

அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "டயர் பிசினஸ்னா..." என்று இழுத்தாள்.

"பஞ்சர் கடைடீ! போதுமா? காத்த அடி மொதல்ல" என்று கத்தினேன். அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது பாறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தோம். நான் பக்கத்தில் உட்காரப் போனேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "மேடம், கோச்சுக்காதீங்க. நீங்க அந்தப் புளியமரத்தாண்ட போய் நில்லுங்க. ஒருத்தர் பேசறப்ப மத்தவங்க இங்க நிக்க மாட்டாங்க. இங்க அதான் பழக்கம்."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை தூரம் ஏறி வந்தது எதற்கு? ஆனால் வாக்குவாதம் செய்ய நேரமில்லை. புளியமரத்தடிக்குப் போனேன். அங்கே ஒரு அம்மா, திருப்பூரில் வேலை செய்யும் கணவரோடு பேசத் தன் முறைக்காகப் பாறைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு, "இன்னாம்மா நீங்க, படிச்சவங்க மாதிரி கீறீங்க, திரும்பி நில்லுங்க" என்று அதட்டினார். திரும்பி நின்றேன். அவர் அசந்த நேரம் மறுபடி பார்த்தேன்.

ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பனி வந்து அவளை மூடும், பிறகு மெல்லத் திறக்கும். ஒருமுறை திறந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இன்னொரு முறை கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே உட்கார்ந்திருப்பது அவளா, சென்னையில் மூன்று பேர் முன்னால் உட்கார்ந்திருந்த பழைய நானா என்று எனக்கே குழம்பிவிட்டது. கையிலிருந்து சொல்யூஷன் வாசம் வந்துகொண்டே இருந்தது. நேரம் எங்கேயோ போய்விட்ட மாதிரி இருந்தது.

மறுபடியும் பனி விலகியது. அவளுடைய இடது கை காற்றில் எதையோ கொத்தாகப் பிடித்தது. வலது கை அதன் கீழே வளைந்து ஒரு இழுப்பு இழுத்தது. பிடித்ததைப் பக்கத்தில் வைத்தது. மறுபடியும் ஒரு பிடி, ஒரு இழுப்பு. சாமை அறுக்கிறாள்! சென்னையில் உட்கார்ந்திருக்கும் பெரிய வக்கீல்களுக்குச் சாமை எப்படி அறுப்பது என்று காட்டிக்கொண்டிருக்கிறாள்!

போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்தேன். அத்தோடு விட்டாளா? சிரித்துக்கொண்டே மொபெட்டைக் காட்டினாள். பிறகு நேராகப் புளியமரத்தை, அதாவது என்னை, கை நீட்டிக் காட்டினாள்.

முடிந்து அவள் இறங்கி வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நான் சொன்னது என்ன, நீ செஞ்சது என்ன?"

"நீங்க சொன்னததான் சொல்லலாம்னு வாயத் தொறந்தேன் மேடம். வரல. அந்த வருஷம் நான் அறுத்தததான் எங்க வூடே தின்னுச்சு. அத இல்லன்னு எப்படிங்க சொல்றது? அப்பா மூஞ்சி வந்து நிக்குது" என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "எப்படி இங்க வந்து சேந்தீங்கன்னு கேட்டாங்க. மேடம்தான் பஞ்சர் ஒட்டுனாங்க, அவங்க அப்பாவுக்குப் பஞ்சர் கடைன்னு சொல்லிட்டேன். தப்புங்களா?"

தப்பு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. எனக்கும் வராத ஒரு வார்த்தை இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு, வாசலிலேயே அவர்களுடைய அப்பா அம்மாவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தேனோ! அந்தப் புளியமரத்தடியில் நின்று அழுதேன். திருப்பூர்க்காரருக்குப் போன் பேசப் பாறைக்குப் போன அம்மா, நல்லவேளையாக, எனக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது போன் வந்தது. சென்னை அலுவலகத்தின் மூத்த வக்கீலம்மா. அவளை எடுத்துக்கொள்கிறோம் என்றார். அந்த ஒரு வருடத்தைப் பற்றி அவள் பேசியதைக் கேட்ட பிறகு வேறு கேள்வியே தேவைப்படவில்லை என்றார். கடைசியில், "எட்டு வருஷமா பழகறோம். உங்க அப்பா கடையப் பத்தி ஒரு நாளும் சொன்னதில்லையே?" என்று கேட்டார். "இனிமே சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்குப் போனேன். அப்பா ஒரு லாரி டியூபோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். என் விரல்களைப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

"எங்கம்மா ஒட்டுன?"

"மலை மேலப்பா."

லாரி டியூபைத் தொட்டியில் ஒரு முறை முக்கி எடுத்தார். பிறகு கேட்டார்: "டயர் உள்ள கைய வுட்டு முள்ள எடுத்தியா?"

"எடுத்துட்டேம்பா."

அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் எந்த இன்டர்வியூவிலும் பார்த்ததில்லை.

அவள் இப்போது சென்னையில் நன்றாக இருக்கிறாள். அறுப்புக்கு லீவு போட்டுவிட்டுப் போகிறாள், எதற்கு என்று மறைக்காமல் சொல்லித்தான் வாங்குகிறாள். நானும் இன்றுவரை பிள்ளைகளை இன்டர்வியூவுக்குத் தயார் செய்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனால் "அதைச் சொல்லாதே" என்று என் வாய் ஆரம்பிக்கும்போதெல்லாம், பனிக்குள் ஒரு கை சாமை அறுப்பது தெரிகிறது. உடனே வாயை மூடிக்கொண்டு, மனதுக்குள்ளேயே எழுந்து போய் அந்தப் புளியமரத்தடியில் நின்றுகொள்கிறேன்.