பர்மிட்டு மலையேறி விசாரிச்ச கதை

சொந்தக்காரங்க அத்தனை பேரும் அவளை பர்மிட்டுன்னுதான் கூப்பிடுவாங்க. எந்த பிளேன் எந்த ஊருக்குப் பறக்கலாம், எது பறக்கக் கூடாதுன்னு உத்தரவு போடுற கவர்மெண்டு ஆபீசுல அவளுக்கு வேலை. அந்த வேலையோட அருமை சொந்தத்துல ஒரு ஜீவனுக்கும் தெரியாது. கல்யாண வீடானாலும் சரி, எழவு வீடானாலும் சரி, அவளைக் கண்டா ஒரே பாட்டுதான்.

"ஏம்மா பர்மிட்டு, அடுத்த மாசம் என் மவன் வர்றான். சன்னலோர சீட்டு ஒண்ணு சொல்லி வையேன்."

"நான் சீட்டு குடுக்கறவ இல்ல சித்தப்பா. பிளேனுக்கு வழி குடுக்கறவ."

"வழியே குடுக்கறவளால ஒரு சீட்டு குடுக்க முடியாதாக்கும்."

விளக்கி விளக்கி வாய் வலிச்சுப் போய் விட்டுட்டா. ஆகாசம் என்னமோ சும்மா தொறந்து கிடக்குற மாதிரிதான் தெரியும். ஆனா எந்தக் கம்பெனிக்காரனும் தன் இஷ்டத்துக்குப் பறந்துட முடியாது. ஒவ்வொரு ஊருக்கும் அனுமதி வாங்கணும். வாங்கினா ஒழுங்கா ஓட்டணும். ஓட்டாம பெட்டிக்குள்ள பூட்டி வச்சிருந்தா பிடுங்கி வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. பிடுங்குறது, குடுக்குறது, அவ்வளவுதான் அந்த ஆபீசு. கேக்க லேசா இருக்கும். பெரிய பணக்காரன் வாயில இருக்குறதைப் பிடுங்கிப் பார்த்தாத்தான் தெரியும்.

அங்க அவ முதமுதல்ல நுழைஞ்சது டைப்படிக்க. யாரோ சொல்லச் சொல்ல அடிச்ச உத்தரவெல்லாம் விரல் வழியா மண்டைக்குள்ள ஏறிடுச்சு. கைக்குழந்தையை மடியில போட்டுக்கிட்டுப் படிச்சு பரீட்சை எழுதினா. ஒரு தடவை கோட்டை விட்டா. அடுத்த தடவையும் விட்டா. வெக்கப்படாம மறுபடி போய் உட்கார்ந்து தேறினா. காதோரம் நரைக்க ஆரம்பிச்ச வயசுல விசாரணை அதிகாரின்னு ஆக்கி ஒரு அறையும் குடுத்தாங்க. அறைன்னதும் பெருசா நினைச்சுக்க வேண்டாம். பழைய காகிதக் கட்டைத் தள்ளி ஒரு மேசை போட்டது. சன்னலைத் தொறந்தா பக்கத்துக் கட்டடத்து ஏசி மெஷினு மூஞ்சியில அனல் ஊதும்.

"டைப்படிச்சவ இனிமே தீர்ப்பு சொல்லுவாளாம். குருவி தலையில பனங்காயை வச்சாச்சு"ன்னு டீ குடிக்கிற இடத்துல பேசிக்கிட்டாங்க. காதுல விழுற மாதிரிதான் பேசினாங்க. அவளும் காதுல விழுந்த மாதிரியே நின்னு டீயைக் குடிச்சுட்டுப் போனா.

புருஷன் பஸ் டிரைவர். பொண்டாட்டி தன்னைவிடப் பெரிய வேலையில இருக்காளேன்னு வயித்தெரிச்சல் இல்லாத ஆம்பளை. அப்படிப்பட்டது ஆயிரத்துல ஒண்ணுதான் பொறக்கும், இருக்குறதை இருக்குன்னு சொல்லிடணும். "நான் ரோட்டுல ஓட்டுறேன், அவ ஆகாசத்தையே ஓட்டுறா"ன்னு டிப்போவுல பெருமை அடிச்சுக்குவான்.

அவ தனியா விசாரிக்கன்னு குடுத்த முதல் கேஸே பெரிய தலைவலி. மலை மேல ஒரு ஊர். கீழ இறங்க ஒரே ரோடு, அதுவும் குடலு வாய்க்கு வர்ற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகும். அங்க கவர்மெண்டு ஒரு சின்ன விமான நிலையம் கட்டிப் போட்டிருந்துச்சு. பறக்குற அனுமதியைப் பெரிய கம்பெனி ஒண்ணு எப்பவோ வாங்கி வச்சுக்கிட்டு ஒரு நாளும் பறக்கல. வைக்கப்போருல படுத்த நாய் கதைதான், தானும் திங்காது, மாட்டையும் திங்க விடாது. ஒரு சின்ன கம்பெனி வந்து, "எங்களுக்குக் குடுங்க, நாங்க ஓட்டுறோம்"னு மனு போட்டுச்சு.

பெரிய கம்பெனிக்கு அவ நோட்டீசு அனுப்பினா. அவ்வளவுதான், மறுவாரமே அவங்க பிளேன் தினமும் மலைக்குப் போய் வர ஆரம்பிச்சிடுச்சு. "நாங்கதான் ஓட்டுறோமே"ன்னு பதிலும் வந்துச்சு.

அந்த ஊர்க்காரங்களுக்காகப் பேச ஒரு மருந்துக்கடைக்காரர் கீழ இறங்கி வந்தார். வந்த மனுஷன் முதல்ல ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சார்.

"பிளேன் வருதும்மா. வரலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஏறத்தான் முடியல."

"ஏங்க?"

"சீட்டு கேட்டா ஃபுல்லுங்கறான். என்னைக்குக் கேட்டாலும் ஃபுல்லு. வந்து நிக்கறப்போ எட்டிப் பார்த்தா உள்ள ஒரு தலை இல்ல. போன வாரம் ஒரு பொண்ணுக்கு வலி எடுத்து, அத்தனை வளைவுலயும் உருட்டிக்கிட்டு வந்தோம். பாதி வழியிலயே குழந்தை பொறந்துடுச்சு."

"தாயும் பிள்ளையும்?"

"இருக்காங்க. அடுத்தவளும் இருப்பான்னு யாரு சொல்றது?"

"நீங்க எங்க நின்னு பிளேனை எட்டிப் பார்த்தீங்க?"

"வேலிக்கு வெளியதான்."

"வேலிக்கு வெளிய நின்னு பார்த்ததை வக்கீல் ஒரே ஊதுல ஊதிடுவாருங்களே."

அன்னைக்கு சாயங்காலம் வீட்டுல இதைச் சொன்னப்போ புருஷன் சிரிச்சான். "இது பழைய பஸ் வித்தைடி. ஸ்டாப்புல நின்னா நேரமாகும்னு, 'வண்டி ஃபுல்லு ஃபுல்லு'ன்னு கையை ஆட்டிக்கிட்டே போயிடுவானுங்க. உள்ள ஈ ஆடிக்கிட்டிருக்கும். டிப்போவுல கேட்டா ட்ரிப் அடிச்சாச்சும்பான்."

"அதேதான். ஆளை ஏத்தினா மூட்டை ஏத்தணும், இறக்கணும், அதுக்கு ஆள் வைக்கணும். அந்த பிளேனு அடுத்தாப்புல காசு உள்ள ஊருக்கு ஓடணும். அனுமதி செத்துப் போகாம இருக்க மலையை ஒரு சுத்து சுத்திட்டு வருது. தெரியுது, ஆனா எப்படி நிரூபிக்கிறது?"

பக்கத்து அறையில அவ நாத்தனார் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தா. மனசு தங்கம், மூளை மட்டும் கொஞ்சம் முந்திக்கும். மறுநாளே சித்தப்பாவுல ஆரம்பிச்சு ஒண்ணுவிட்ட மச்சினி வரைக்கும் எல்லாரையும் அந்த பிளேனுக்கு சீட்டு கேட்கச் சொல்லிட்டா. எல்லாருக்கும் ஃபுல்லுங்கற பதில்தான். விசாரணை அன்னைக்குப் பார்த்தா, நல்ல உடுப்பா எடுத்து உடுத்திக்கிட்டு மொத்தக் குடும்பமும் ஆபீசு வாசல்ல நிக்குது.

"நாங்க எல்லாரும் சாட்சி"ன்னா நாத்தனார், விசாரணைக் கூடத்துக்குள்ள நுழைஞ்சதும்.

பெரிய கம்பெனி வக்கீல் மூக்குக்கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுக் கேட்டார். "நீங்க யாரும்மா?"

"நானா? தீர்ப்பு சொல்லப் போறவளுக்கு நாத்தனார். இவர் சித்தப்பா. அது மச்சினி."

"ஓகோ. நீதிபதியும் சாட்சியும் ஒரே வீட்டுச் சோறு திங்கறாங்க. நல்லா இருக்கு."

கூடமே சிரிச்சுது. பர்மிட்டுக்கு மூஞ்சியெல்லாம் ரத்தம் ஏறிடுச்சு. ஆனா குரலு ஏறல.

"அண்ணி, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க."

"உனக்காகத்தானே வந்தோம்?"

"எனக்காக வந்ததுதான் தப்பு அண்ணி." டைப்பிஸ்டு பக்கம் திரும்பி, "அவங்க சொன்னது எதையும் எழுத வேண்டாம்"னு சொல்லிட்டா. நாத்தனார் மூஞ்சி சுண்டிப் போச்சு. என்ன பண்றது, பாசமும் சாட்சியும் ஒரே பாயில படுக்காது.

வக்கீலுக்கு அதுல தெம்பு வந்துடுச்சு. "பொறாமையில கிளப்பி விட்ட புரளிங்க இது. எங்க பிளேன் தினமும் காலைல போகுது. யார் வேணும்னாலும் சீட்டு வாங்கி ஏறலாம்."

"யார் வேணும்னாலும்?"

"யார் வேணும்னாலும்."

"அப்போ திங்கக்கிழமை காலைல, அடுத்த விசாரணையை அந்த ஊர் விமான நிலையத்துலயே வச்சுக்கலாம். உங்களுக்கு ஒண்ணும் சிரமம் இல்லையே?"

"எனக்கென்ன சிரமம்"னார் வக்கீல்.

பெரிய அதிகாரி அவளைக் கூப்பிட்டு விட்டார். "குடும்பக் கூத்தைக் கேள்விப்பட்டேன். இப்போ மலை மேல விசாரணைங்கறீங்க. இந்த உத்தரவு மேல்முறையீட்டுல அடிபட்டுச்சுன்னா, உங்களை மறுபடி டைப் மெஷினு முன்னாடிதான் உட்கார வைக்கணும். கையெழுத்துப் போடப் போறது நான்தான்."

"உட்காரச் சொன்னா உட்கார்றேன் சார். அந்த மெஷினு எனக்கு ஒண்ணும் பகையாளி இல்ல."

வாய்தான் அப்படிச் சொல்லிச்சு. படியில இறங்கறப்போ கைப்பிடியைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கினா. தான் சறுக்கினா தன்னோட போகாது, அந்த மலைக்காரங்க தலையிலயும் மண்ணு விழும்னு அவளுக்குத் தெரியும்.

தனக்கும் டைப்பிஸ்டுக்கும் அந்த பிளேன்லயே சீட்டு கேட்டா, ஊரு உலகத்துல எல்லாரும் கேக்குற மாதிரி கவுண்டர்ல போய் வரிசையில நின்னு. யாருன்னு சொல்லிக்கல. ஃபுல்லுன்னாங்க. சரின்னு பஸ் ஏறிட்டா. டைப்பிஸ்டு, ஒரு காலத்துல அவளுக்குப் பக்கத்து மெஷின்ல அடிச்ச மனுஷன், ஒவ்வொரு வளைவுலயும் தலையை வெளிய நீட்டினார். "நீ டைப்பிஸ்டாவே இருந்திருக்கலாம்மா, என் உசுரு மிஞ்சியிருக்கும்"னார்.

அந்த விமான நிலையம் ஒரே ஒரு கூடம்தான். வரிசையா பிளாஸ்டிக் நாற்காலி. பெட்டி எடை போடுற மெஷினைத் துணி போட்டு மூடி வச்சிருந்தாங்க, துணி மேல தூசி. ஓடுபாதைப் பக்கம் பெரிய கண்ணாடி. ஊர்ச்சனம் சுவரோரமா நெருக்கிக்கிட்டு நின்னுது. மேசையைப் போட்டு அவ உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வக்கீல் வந்தார். மூஞ்சி வெளுத்து, கழுத்துப்பட்டை தளர்ந்து, கையில கர்ச்சீப்பு. ஆனா பேச ஆரம்பிச்சதும் பழைய மிடுக்கு வந்துடுச்சு.

"தாமதத்துக்கு மன்னிக்கணும் மேடம். கார்லதான் வர வேண்டியதாப் போச்சு. எங்க பிளேன்ல எனக்கே சீட்டு கிடைக்கலன்னா பார்த்துக்கோங்க, அவ்வளவு கூட்டம்."

அவ தலையைத் தூக்கல. "இன்னைக்கு வர்ற பிளேனுக்கா?"

"இன்னைக்கு வர்றதுக்கேதான். கடைசி சீட்டு வரைக்கும் ஃபுல்லுன்னு கவுண்டர்லயே சொன்னாங்க. இதை நீங்க தாராளமா எழுதிக்கலாம்."

"எழுதியாச்சு"ன்னார் டைப்பிஸ்டு.

அந்த மனுஷன் பொய் சொல்லல, பாவம். ஃபுல்லுன்னதும் கேஸுக்கு நல்லதாச்சேன்னு சந்தோஷமா கார் ஏறியிருக்கார். கம்பெனிக்காரனுங்க சொந்த வக்கீல்கிட்டயே உண்மையைச் சொல்லல. டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் மறைக்கக் கூடாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

வெளிய சத்தம் கேட்டுச்சு. பிளேன் இறங்கி, ஓடி, திரும்பி, கண்ணாடிக்கு நேரா வந்து நின்னுது. கதவு தொறந்து படி இறங்கிச்சு.

"எல்லாரும் இறங்கி வரட்டும். அப்புறம் பேசுவோம்"னா அவ.

எல்லாரும் பார்த்துக்கிட்டு நின்னாங்க. ஒரு பைலட் இறங்கினார். கையைக் காலை உதறினார். அப்புறம் யாரும் இறங்கல. வக்கீல் எழுந்து கண்ணாடிகிட்ட போய் நின்னார். அப்பவும் யாரும் இறங்கல.

பைலட் கழிப்பறைக்குப் போறதுக்காக உள்ள வந்தார். கூட்டத்தைப் பார்த்து அசந்துட்டார். "என்னங்க இவ்வளவு ஜனம்? மந்திரி யாராவது வர்றாங்களா?"

"உங்க பிளேன்ல வந்தவங்களைப் பார்க்க நிக்கறோம்"னார் மருந்துக்கடைக்காரர்.

"என் பிளேன்லயா? நானும் கூட ஓட்டுறவரும்தானே வந்தோம்."

பர்மிட்டு பேனாவை எடுத்தா. "அதை இங்க வந்து நின்னு இன்னொரு தடவை சொல்லுங்க. தினமும் இப்படித்தானா?"

"தினமும்தாங்க. எங்களுக்குச் சொல்லியிருக்குறது ஒண்ணுதான். போ, தொடு, திரும்பி வா."

கூடத்துல ஒருத்தரும் சிரிக்கல. அவ வக்கீல் பக்கம் திரும்பினா. "நீங்க ஏதாவது சொல்லணுமா சார்?"

அவர் கர்ச்சீப்பை மடிச்சார், பிரிச்சார், மறுபடி மடிச்சார். "என் கட்சிக்காரங்ககிட்ட நான் முதல்ல கேட்க வேண்டியது இருக்கு மேடம். இங்க சொல்ல ஒண்ணும் இல்ல."

அங்கயே உத்தரவு சொன்னா. சீட்டு விக்காத பிளேன் பறந்தாலும் பறக்காத கணக்குதான், பெரிய கம்பெனி அனுமதி ரத்து. சின்ன கம்பெனிக்குக் குடுத்தா, அங்க வந்திருந்த அதோட முதலாளி பல்லு தெரிய சிரிக்கறதுக்குள்ள அவன் பக்கமும் திரும்பினா. "ஊர்க்காரங்க கேக்குற நாள்ல பறக்கணும். வரிசையில நிக்கிறவனுக்கு சீட்டு குடுக்கணும். இல்லைன்னா உங்களுக்கும் இதே கத்திதான்."

மறுபடி அத்தனை வளைவும் இறங்கணுமேன்னு வக்கீலுக்குக் கலக்கம். பைலட்கிட்ட மெல்லப் போய், "என்னை ஏத்திக்கிட்டுப் போயேன்"னு கேட்டார். சீட்டில்லாம ஏத்தக் கூடாதுன்னு பைலட் கவுண்டருக்கு போன் போட்டுப் பார்த்தார். "ஃபுல்லாம் சார்"னு வந்து சொன்னார். ஊர்ச்சனம் அப்பத்தான் வாய் விட்டுச் சிரிச்சுது.

பெரிய கம்பெனி சும்மா விடல. இன்னும் பெரிய வக்கீலா நாலு பேரை வச்சு மேல்முறையீடு போனாங்க. அங்க அவ உத்தரவை வரி வரியா பிச்சாங்க. மேல உட்கார்ந்திருந்தவங்க ஒண்ணே ஒண்ணு கேட்டாங்களாம், "உங்க வக்கீலே அந்த ஊருக்கு எப்படிப் போனாரு?"

தீர்ப்பு வந்த அன்னைக்குப் பெரிய அதிகாரி அவ அறைக்குத் தானே நடந்து வந்தார். உட்கார இன்னொரு நாற்காலி கிடையாது. நின்னுக்கிட்டே படிச்சார், வராந்தாவுக்கெல்லாம் கேக்குற மாதிரி. உத்தரவுல ஒரு சொல்லைக்கூட மாத்த வேண்டியதில்லைன்னு எழுதியிருந்தாங்க. டீ குடிக்கிற கும்பல் வாசல்ல நின்னுது, ஒருத்தன் வாயிலும் குருவி இல்ல, பனங்காயும் இல்ல. "சரிங்க சார்"னு சொல்லிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தா.

சாயங்காலம் புருஷன் ஓட்டுற பஸ்ஸுலயே ஏறினா. டிரைவர் சீட்டுக்குப் பின்னால கம்பியைப் பிடிச்சு நின்னுக்கிட்டு, "உத்தரவு நிலைச்சுடுச்சுங்க"ன்னா.

அவன் திரும்பல, வண்டி ஓடுறப்போ திரும்ப மாட்டான். அடுத்த ஸ்டாப்புல நிறுத்தினான். இஞ்சினை அணைச்சான். எழுந்து நின்னு பின்னால பார்த்து, "இவங்க என் வீட்டுக்காரி. ஒரு மலைக்கே பிளேன் விட்டிருக்காங்க"ன்னான்.

பஸ்ஸுல இருந்த அத்தனை பேரும் அவளையே பார்த்தாங்க. அவ குனியல, நிமிர்ந்து நின்னா.

"ரொம்ப சந்தோஷம்பா, வண்டியை எடு"ன்னார் பின் சீட்டுப் பெரியவர்.