பட்டினி போடாத ஜெனரேட்டர்

கெட்டுப்போன பெட்ரோலுக்கு ஒரு வாசனை உண்டு. புதுப் பெட்ரோலைப் போல அது மூக்கில் ஏறித் தலையைக் கிறுகிறுக்க வைக்காது. புளித்த வார்னிஷைப் போலத் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கோயில் சாமான் அறையைத் திறந்தால், விபூதியையும் கற்பூரத்தையும் தாண்டி அந்த வாசனைதான் முதலில் வரும். அங்கே ஒரு ஜெனரேட்டரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒரு தேர்தலுக்கு முன்னால் ஜீப்பில் வந்த பிரமுகர் ஒருவர் எங்கள் டிஸ்பென்சரிக்கு என்று, தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து கம்பங்களைச் சாய்த்துவிட்டால் இரண்டு மூன்று நாள்களுக்குக் கரண்ட் இருக்காது. அந்த ஈரத்தில்தான் குழந்தைகளுக்கு "இழுப்பு" வரும். இழுப்பு வந்த குழந்தையின் மூக்கில் மருந்தைப் புகையாக ஏற்றுகிற, நாங்கள் "ஆவி மெசின்" என்று சொன்ன கருவி, கரண்ட் இல்லாவிட்டால் வெறும் பெட்டி. என் தங்கை செல்விக்கு அப்போது நான்கு வயது. மழைக்காலம் முழுவதும் அவள் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவது போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து, நடுப்பகலில் ஒரு பல்பை எரிய வைத்துக் காட்டியபோது, கூட்டத்தில் அதிக நேரம் கை தட்டியவர் என் அம்மாதான்.

பிரமுகரின் ஜீப் வளைவு திரும்பும் முன்பே தலைவர் அதை அணைத்துவிட்டார். தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர், மரண உதவிச் சங்கத்துக்கும் அவரே. "டிஸ்பென்சரியில வச்சா கண்டவனும் தொடுவான், புதுசு புதுசாவே இருக்கணும்" என்று சொல்லி, ஜெனரேட்டரைக் கோயில் சாமான் அறைக்குக் கொண்டுபோய், டாங்கியில் வாய்வரை பெட்ரோல் ஊற்றி, வந்தபோது சுற்றியிருந்த பாலித்தீனையே மறுபடி சுற்றிப் பூட்டினார். சாவி அவர் இடுப்பில். வெள்ளிக்கிழமை தவறாமல் பாலித்தீனை விலக்கிச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் பூ.

மெசினைக் கும்பிடுவது எங்கள் தோட்டத்தில் புதிதல்ல. தேயிலை ஃபாக்டரியின் சக்கரங்களுக்குக் காவலாக "ரோதைமுனி" என்று ஒரு சாமி இருந்தது. ஆனால் ஃபாக்டரிக்காரர்கள் முனிக்குச் சேவல் அறுத்த கையோடு சக்கரத்துக்குக் கிரீஸும் போடுவார்கள். தலைவர் பூசையை மட்டும் எடுத்துக்கொண்டு கிரீஸை விட்டுவிட்டார்.

என் அப்பா மாரிமுத்து, மருந்தடிக்கும் கேங்கில் வேலை செய்தார். முதுகில் பெட்ரோல் மெசினைச் சுமந்து, தேயிலைக்கு மருந்து தெளிக்கிற வேலை. வேலை முடிந்ததும் அவர்கள் மெசினை நேராக அணைக்க மாட்டார்கள். பெட்ரோல் வருகிற குழாயின் டேப்பைப் பூட்டிவிட்டு, உள்ளே மிச்சமிருக்கிற சொட்டும் எரிந்து தானாக நிற்கும்வரை ஓட விடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் "பட்டினி போடுறது". பட்டினி போட்ட மெசின் ஆறு மாதம் கழித்து இழுத்தாலும் எழும்பும். வயிற்றில் பெட்ரோலோடு தூங்கினால் காபரேட்டருக்குள் அது பிசினாக இறுகிவிடும். இதில் ரகசியம் எதுவும் இல்லை. கேங்கில் இருந்த எட்டுப் பேருக்கும் தெரியும்.

மாதக் கூட்டத்தில் அப்பா இதைச் சொன்னார். நான் கோயில் வாசலில் செல்வியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தலைவரே, மாசத்துக்கு ஒருக்கா பத்து நிமிசம் ஓட்டணுங்க. அப்பறம் டேப்பப் பூட்டி பட்டினி போட்டுறணும்."

"என்னாது, பட்டினியா?" தலைவர் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். "நம்ம பாட்டன் பூட்டன் கெடந்த பட்டினி போதாதா? ஐயா வயிறு நெறயக் குடுத்துட்டுப் போன மெசின இவன் பட்டினி போடுன்றான் பாருங்க!"

கூட்டம் சிரித்தது. "மருந்தடிக்கிற கையி, மாரிமுத்து. மருந்தோட நிப்பாட்டிக்கடா" என்றார் தலைவர். அந்தக் கூட்டத்தில் பட்டினியைப் பற்றி அவ்வளவு உருக்கமாகப் பேசியவர், அங்கிருந்தவர்களில் அதை மிகக் குறைவாக அறிந்தவர். அடுத்த நாளிலிருந்து அப்பாவுக்கு "பட்டினி மாரி" என்று பெயர் வந்தது. அப்பா அதற்கும் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்வார்.

அடுத்த ஆண்டு கார்த்திகையில் மழை பிடித்தது. கரண்ட் போய் இரண்டாம் நாள் காலை, செல்வியின் நெஞ்சில் விசில் நின்றுவிட்டது. விசில் நிற்பதுதான் மோசம் என்று அம்மாவுக்குத் தெரியும். அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினார். நான் குடையோடு பின்னால் ஓடினேன். அங்கே மருந்து கொடுப்பவர் யாழ்ப்பாணத்துக்காரர். டாக்டர் இல்லாவிட்டாலும் எல்லோருக்கும் அவர் டாக்டரையா. செல்வியின் உதட்டைப் பார்த்தார். ஊசி ஒன்று போட்டார். "ரோட்டில மண் விழுந்து கிடக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏலாது. ஜெனரேட்டரைக் கொண்டுவரச் சொல்லுங்கோ, கெதியா" என்றார்.

கொண்டுவந்தார்கள். பாலித்தீனோடு, காய்ந்த பூவோடு, நான்கு பேர் பல்லக்கைப் போலத் தூக்கிவந்தார்கள். முன்னால் தலைவர் குடை பிடித்து வந்தார். பிறகு ஒவ்வொருவராகச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கயிற்றை இழுத்தார்கள். பத்து, இருபது, நாற்பது தடவை. ஒருவர் சோக்கை இழுத்தார், அடுத்தவர் அதைத் தள்ளினார். நிறைந்திருந்த டாங்கியில் ஒருவர் இன்னும் பெட்ரோல் ஊற்றப் பார்த்தார். அது வழிந்து டிஸ்பென்சரித் தரையில் ஓடியது.

"தீட்டோட தொட்டா எப்புடி ஓடும்? தேங்கா ஒண்ணு கொண்டாங்க, தேசிக்கா கொண்டாங்க" என்றார் தலைவர். தேங்காய்க்கும் எலுமிச்சைக்கும் ஒருவன் கோயிலுக்கு ஓடினான். செல்வி அம்மாவின் தோளில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை.

ரோட்டில் மண் வெட்டிக்கொண்டிருந்த அப்பா சேற்றுக் காலோடு வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் காபரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்ற உட்கார்ந்தார்.

"கழட்டாதடா! ஐயா பேரு எழுதுன மெசினு!"

எப்போதும் தலைவருக்கு முன்னால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்கிற அம்மா அன்று நிமிர்ந்து பார்த்தார். "ஐயா பேரு ஒங்க வாயில இருக்கட்டும் தலைவரே. எம் புள்ள வாயில மூச்சு வரணும்."

கிண்ணத்தில் இருந்தது பெட்ரோல் இல்லை. கித்துள் பாணிப் பாகைப் போல மஞ்சளாக, கெட்டியாக ஒன்று. அந்த வாசனை அறையை நிறைத்தது. காற்று போகிற வழியில் குங்குமமும் சந்தனமும் அடையாக ஒட்டியிருந்தன. ஒரு வருட பக்தி முழுவதும் அங்கே இருந்தது. அப்பா ஒரு வயர் துண்டைப் பல்லால் கடித்து உரித்து, மயிரைப் போன்ற செம்புக் கம்பி ஒன்றைப் பிரித்தெடுத்து, பெட்ரோல் வருகிற ஊசித் துளையைக் குத்தினார், வாய் வைத்து ஊதினார், துப்பினார், மறுபடி ஊதினார். டாங்கியைக் கவிழ்த்துக் காலி செய்தார்.

"புதுப் பெட்ரோல் வேணும்."

"என்ர ஸ்கூட்டரில எடுங்கோ" என்றார் டாக்டரையா.

டியூபை வாயில் வைத்து இழுத்து ஒரு போத்தல் எடுத்தார் அப்பா. டாங்கியில் ஊற்றினார். முதல் இழுப்பில் ஒன்றும் இல்லை. இரண்டாவது இழுப்பில் ஜெனரேட்டர் இருமியது. அதற்குள் தேங்காய் வந்துவிட்டது. அப்பா மூன்றாவது முறை கயிற்றை இழுத்ததும், தலைவர் வாசல் கல்லில் தேங்காயை அடித்ததும் ஒரே நேரம். ஜெனரேட்டர் எழும்பிவிட்டது.

"பாத்தீங்களா? தேங்கா ஒடச்சதும் எந்திரிச்சிருச்சி!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அப்பாவின் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அவரும் யாரையும் பார்க்கவில்லை, ஆவி மெசினின் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் செல்வியின் நெஞ்சில் அந்த விசில் திரும்ப வந்தது. அம்மா அப்போதுதான் அழுதார்.

டாக்டரையா போதும் என்றதும் அப்பா டேப்பைப் பூட்டக் குனிந்தார். தலைவர் முந்திக்கொண்டு அணைத்தார். "போதும்டா, மெசின் தேஞ்சிரும்." டாங்கியை மறுபடி வாய்வரை நிரப்பி, துடைத்து, பாலித்தீன் சுற்றி, கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். பிரமுகரின் பெயருக்குக் கீழே தலைவரின் பெயரும் எழுதப்பட்டது. அடுத்த மாதம் அப்பா சாவியைக் கேட்டார். "சாமி காரியத்துல தலையிடாத" என்றார்கள். அதன் பிறகு அப்பா கேட்கவில்லை. அடுத்த மழை தொடங்கும் முன்பே செல்வியைப் பதுளையில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்த சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு வயர் துண்டும் பத்து நிமிடமும் செய்திருக்கக்கூடிய காரியத்துக்காக என் தங்கை ஒவ்வொரு மழைக்காலமும் தாயை விட்டு வளர்ந்தாள்.

தலைவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். நாட்டில் தட்டுப்பாடு வந்து பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில், நாங்கள் குடிபோன பதுளையில் எங்கள் அயலவர்கள் அதைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஸ்கூட்டர்களில் நிரப்பி, செலவாகிவிடும் என்று ஓட்டாமல் நிறுத்திவைத்தார்கள். வரிசைகள் மறைந்தபோது அந்த ஸ்கூட்டர்களைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக்கிடம் வரிசையில் நின்றார்கள்.

போன தை மாதம் நானும் செல்வியும் தோட்டத்துக்குப் போனோம். அப்பா இல்லை, தலைவரும் இல்லை. டிஸ்பென்சரிக்குக் கதவு இல்லை. ஃபாக்டரியை மூடி, சக்கரங்களைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டார்கள். ரோதைமுனிக்குக் காவல் காக்க எதுவும் மிச்சமில்லாததால், அந்த இடத்தில் ஜெனரேட்டரைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். வெள்ளிப் பெயிண்ட் அடித்து, சிவப்புப் பட்டு கட்டியிருந்தார்கள். ஆள் யாரென்று தெரிந்ததும் பூசாரிக்கு உற்சாகம். "ஒங்க உசுரக் காப்பாத்துன சாமிங்க" என்று செல்வியிடம் திருநீறை நீட்டினார்.

செல்வி திருநீறை வாங்கிக்கொண்டாள். பிறகு குனிந்து, பட்டுக்கு அடியில் விரலால் தடவிப் பார்த்தாள். டேப் திறந்தபடியே துருப்பிடித்திருந்தது. டாங்கி மூடியைத் திருகி மூக்கை வைத்தாள். எழுந்து என்னைப் பார்த்தாள்.

"வாசனையே இல்லக்கா. ஒருவழியா பட்டினி போட்டுட்டாங்க."

பூசாரி பதறிப்போனார்.

"பட்டினியா? காலையிலதாங்க பொங்க வச்சிப் படச்சோம்."